வெற்றிக்கு நிறம் உண்டா?

ஒருவர் பந்தயத்தில் வெல்கிறார். மறுநாள் பத்திரிகைகள் அவரைப் புகழ்கின்றன. அந்தப் புகழுரையில் அவருடைய இனத்தையும் நிறத்தையும் எடுத்துக் கூறுவது முறையா? 'மனிதர் யாவரும் ஒரு தாய் தந்தையின் மக்கள் என்று நம்புகிறவர்கள் நிறத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும்?' என்று சிலர் கேட்கின்றனர். 'நிறத்தைச் சொல்லாமல் விட்டால் அவர் பட்ட பாடு மறைந்து போகாதா?' என்று வேறு சிலர் கேட்கின்றனர். இரு சாராரின் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே, நாம் இதனை நிதானமாகச் சிந்தித்துப் பார்ப்போம்.

2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் இரவு, பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் ஒலிம்பிக் நீச்சல் பந்தயங்கள் நடந்துகொண்டிருந்தன. பெண்களுக்கான 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் பந்தயத்தில் அமெரிக்காவின் சிமோன் மானுவெல் என்ற 20 வயதுப் பெண்ணும், கனடாவின் பென்னி ஒலெக்சியாக் என்ற 16 வயதுப் பெண்ணும் 52.70 வினாடிகளில் ஒரே கணத்தில் சுவரைத் தொட்டார்கள். இருவருக்கும் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. ஒலிம்பிக் நீச்சலில் தனிநபர் பந்தயமொன்றில் தங்கம் வென்ற முதல் கறுப்பின அமெரிக்கப் பெண் என்ற சிறப்பு சிமோன் மானுவெலுக்குக் கிடைத்தது.

அதே இரவில் புகழ்பெற்ற மைக்கேல் ஃபெல்ப்ஸும் ஒரு தங்கம் வென்றிருந்தார். இரண்டு வெற்றிகளையும் சேர்த்துச் செய்தி வெளியிட்ட கலிபோர்னியா மாநிலத்து நாளேடு ஒன்று, தன் தலைப்பில் ஃபெல்ப்ஸின் பெயரைக் குறிப்பிட்டது. அவரோடு அந்த இரவின் பெருமையைப் பகிர்ந்துகொண்டவரை 'ஆப்பிரிக்க அமெரிக்கர்' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டது. ஒருவருக்குப் பெயர் இருந்தது. மற்றவருக்கு இனம் மட்டுமே இருந்தது! வாசகர்கள் கண்டித்தார்கள். நாளேடு வருத்தம் தெரிவித்துத் தலைப்பைத் திருத்தியது.

இதனைக் கண்ட சிலர், 'இந்தத் தொல்லையே வேண்டாம். இனி எவருடைய நிறத்தையும் குறிப்பிடாமல் விட்டுவிடலாம்' என்றனர். கேட்பதற்கு நல்ல யோசனையாகத்தான் தெரிகிறது. ஆனால் அமெரிக்காவில் நீச்சல் குளங்களின் வரலாற்றை அறிந்தவர்கள் இதனை அவ்வளவு எளிதாக ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

அந்நாட்டின் பல ஊர்களில் வெள்ளையர் நீந்தும் பொதுக் குளங்களில் கறுப்பு மக்கள் இறங்க இயலாத காலம் ஒன்று இருந்தது. 1964ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், ஃபுளோரிடா மாநிலத்தின் செயின்ட் அகஸ்டின் நகரில், வெள்ளையருக்கு மட்டுமே என ஒதுக்கப்பட்டிருந்த ஒரு விடுதியின் நீச்சல் குளத்தில் கறுப்பரும் வெள்ளையருமாகச் சிலர் குதித்துத் தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தனர். விடுதியின் மேலாளர் என்ன செய்தார் தெரியுமா? அவர்கள் நீரில் இருக்கும்போதே அக்குளத்தில் அமிலத்தை ஊற்றினார்! மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகராட்சியோ, இரு இனத்தாரும் ஒரே குளத்தில் நீந்துவதைவிடக் குளங்களை மூடிவிடுவதே மேல் என்று மூடிவிட்டது. 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதில் சட்டமீறல் இல்லை என்று தீர்ப்பளித்தது. தாய் தந்தையருக்கு நீந்தக் குளம் கிடைக்காவிட்டால் பிள்ளைகள் யாரிடம் நீச்சல் கற்பார்கள்?

கதவை மூடியபோது நிறத்தைப் பார்த்துத்தான் மூடினார்கள். அந்தக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் உள்ளே வந்து நிற்கும்போது, 'நிறத்தைப் பற்றிப் பேசாதீர்கள்' என்பது யாருக்கு வசதியான பேச்சு? கதவை மூடியவர்களுக்கு அன்றோ!

செய்தி என்பது ஒரு சாட்சியம். சாட்சி சொல்பவர் பொய்யைக் கூட்டிச் சொல்லவும் கூடாது; உள்ளதை மறைக்கவும் கூடாது. சாட்சியத்தை மறைப்பது பாவம் என்று நம் மார்க்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது. சிமோன் மானுவெலின் வெற்றியைச் சொல்லி, அந்தக் குளங்களின் கதையைச் சொல்லாமல் விடுவது பாதிச் சாட்சியமே. ஆகவே, இனத்தைக் குறிப்பிடுவதே குற்றம் என்ற கருத்தை நம்மால் ஏற்க இயலவில்லை.

நம்முடைய முன்னோரின் வழக்கத்தைப் பார்த்தாலும் இது விளங்கும். ஹழ்ரத் பிலால் (ரலி) அவர்களை 'ஹபஷி' என்றும், ஸல்மான் (ரலி) அவர்களை 'ஃபார்ஸி' என்றும், ஸுஹைப் (ரலி) அவர்களை 'ரூமி' என்றும் இன்றளவும் அழைத்து வருகிறோம். அபிசீனியாவும் பாரசீகமும் ரோமும் அப்பெயர்களில் நிலைத்து நிற்கின்றன. எவரும் அதனை இழிவாகக் கருதுவதில்லை. மக்கா வெற்றியின்போது கஅபாவின் மீது ஏறி பாங்கு சொன்னவர் யார் என்பதை அறியாமல் அந்த நிகழ்ச்சியின் பொருளை உணர முடியுமா? அடிமையாகச் சுடுமணலில் கிடத்தப்பட்ட கறுப்பு மனிதர் அவர் என்பதைச் சொன்னால்தானே குறைஷிகளின் செருக்கு அன்று எப்படித் தகர்ந்தது என்பது புரியும்?

ஆனால் அதே சமுதாயத்தில் வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. ஹழ்ரத் அபூதர் (ரலி) அவர்கள் ஒரு மனிதரை அவருடைய தாயைச் சுட்டிக்காட்டிப் பழித்துவிட்டார்கள். அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உம்மிடம் இருக்கிறதே என்ற கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைக் கண்டித்தார்கள். பிறப்பைக் குறிப்பிடுவது ஓரிடத்தில் கண்ணியமாகவும், மற்றோரிடத்தில் பழியாகவும் ஆகிவிட்டது. எனவே, சொல்லைவிடச் சொல்லப்படும் நோக்கத்தையும் இடத்தையும் நாம் கவனிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

பழித்துப் பேசுவது ஒரு தவறு என்றால், புகழ்வதுபோல் பேசி உரியதைப் பறித்துக்கொள்வது மற்றொரு தவறு. 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் நான்கு தங்கப் பதக்கங்களை வென்றார். ஹிட்லரின் இனக்கொள்கைக்கு அது பெரிய அடி என்று உலகம் பேசியது. ஆனால் அவருடைய சொந்த நாட்டிலேயே சிலர், கறுப்பருடைய காலெலும்பும் தசையும் ஓடுவதற்கென்றே அமைந்தவை என்று கூறத் தொடங்கினர். ஹோவார்டு பல்கலைக்கழகத்தில் உடற்கூறு கற்பித்த மாண்டேக் காப் என்ற கறுப்பின அறிஞர் அதே ஆண்டில் ஓவன்ஸின் உடலை அளந்து பார்த்தார். கறுப்பருக்கே உரியது என்று சொல்லப்பட்ட காலமைப்பு ஓவன்ஸிடம் இல்லை என்று கண்டார்!

1987இல் அமெரிக்காவின் பேஸ்பால் கழகமொன்றின் உயர் அலுவலர் தொலைக்காட்சியில் பேசும்போது, கறுப்பர்கள் நீரில் மிதக்கும் உடலமைப்பு இல்லாதவர்கள் என்று சொன்னார். அதனால் பதவியையும் இழந்தார். மறு ஆண்டே, 1988இல், சியோல் ஒலிம்பிக்கில் சுரினாம் நாட்டின் அந்தோணி நெஸ்டி 100 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலில் தங்கம் வென்றார். நீச்சலில் தனிநபர் தங்கம் பெற்ற முதல் கறுப்பர் அவரே. ஓடி வென்றால் உடம்புதான் காரணம். நீந்தாமல் இருந்தாலும் உடம்புதான் காரணம்! அதிகாலையில் எழுந்து பல்லாண்டுகள் செய்த பயிற்சி எங்கே போயிற்று? உழைத்தவனின் கூலியை அவனுடைய தோலுக்குக் கொடுத்துவிடுவதும் ஒருவகைத் திருட்டு என்றே நாம் கருதுகிறோம்.

இன்னொரு சோதனையும் உண்டு. அது தோல்வியின்போது வருகிறது. ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம் 2021ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் லண்டனில் நடந்தது. இங்கிலாந்தும் இத்தாலியும் மோதின. பெனால்டி உதைகளில் ராஷ்ஃபோர்டு, சான்சோ, சாகா ஆகிய மூன்று இளைஞர்களின் உதைகள் வீணாயின. அதுவரை தேசத்தின் செல்வங்களாக இருந்த அம்மூவரும் அந்த இரவிலேயே நிறத்தைச் சொல்லி ஏசப்பட்டார்கள். 2014இல் ஜெர்மனிக்காக உலகக் கோப்பையை வென்ற குழுவில் ஆடிய மெஸுட் ஒசில், 2018இல் தேசியக் குழுவிலிருந்து விலகியபோது இதையேதான் மனம் நொந்து சொன்னார். வென்றால் தம்மை ஜெர்மானியர் என்கிறார்கள், தோற்றால் குடியேறியவர் என்கிறார்கள் என்பதே அவருடைய முறையீடு. வெற்றியில் 'நம்மவர்', தோல்வியில் 'அவர்கள்' என்று பேசும் நாவு, வெற்றி நாளில் அவருடைய இனத்தைப் பற்றி எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அதில் நேர்மை இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, வென்றவருடைய மனத்தையும் நாம் கேட்க வேண்டாமா? சிமோன் மானுவெல் அன்றிரவு இரண்டு செய்திகளைச் சொன்னார். இப்பதக்கம் தமக்கு மட்டும் உரியதன்று, தமக்கு முன் வந்த கறுப்பின நீச்சல் வீரர்களுக்கும், இனி வரப் போகிறவர்களுக்கும் உரியது என்றார். 'கறுப்பின நீச்சல் வீராங்கனை' என்ற அடைமொழி இல்லாமல், வெறும் சிமோனாக அறியப்படும் நாள் வர வேண்டும் என்றும் விரும்பினார். இவை முரண்பட்டவை என்று சிலர் நினைக்கலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. பின்னால் இருக்கும் வரலாற்றை மறக்கக் கூடாது. அந்த வரலாற்றிலேயே காலமெல்லாம் கட்டுண்டு கிடக்கவும் கூடாது. 20 வயதுப் பெண் இதனைத் தெளிவாக உணர்ந்திருந்தார்.

ஆகவே, நாம் வந்து சேரும் முடிவு இதுவே. பெயர் முதலில் வரட்டும். உழைப்பு அதன்பின் வரட்டும். இனத்தின் காரணமாக ஒரு தடை இருந்திருந்தால், அதை எழுப்பியவர் யார், எப்படி எழுப்பினார்கள் என்பதோடு சேர்த்து இனமும் சொல்லப்படட்டும். தடை ஏதும் இல்லாத இடத்தில், வெறும் அலங்காரமாகவோ வியப்புக்காகவோ நிறத்தை இழுக்க வேண்டியதில்லை. வெற்றியில் சொன்ன அதே மரியாதையைத் தோல்வியிலும் காப்பாற்ற இயலாதவர், வெற்றியிலும் அதைச் சொல்லாதிருப்பதே நன்று.

இது பத்திரிகை நடத்துவோருக்கு மட்டும் உரிய பாடம் என்று எண்ணிவிட வேண்டாம். ஒருவரைப் பாராட்டும்போது, 'அந்தக் கூட்டத்தில் பிறந்தும் இவ்வளவு முன்னேறிவிட்டாரே!' என்று நாமும் வியந்ததில்லையா? அந்த 'பிறந்தும்' என்ற சொல்லில் பாராட்டு இருக்கிறதா, பழி இருக்கிறதா என்பதை அவரவர் நெஞ்சில் கை வைத்துக் கேட்டுக்கொள்வோம்.

நம் நாவையும் எழுதுகோலையும் நீதியின்மீது நிலைநிறுத்தும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.