காலியாக இருந்த பாகம்

கோவில்பட்டியில் கல்லூரி படித்த நாட்களில், சாயங்காலம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தேன். அந்த வருடங்களில் கடைக்கு வந்த வேலையில் பாதிக்கு மேல் கவர்மெண்ட் லேப்டாப்தான். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தொடங்கிய திட்டம் அது. எல்காட் மூலம் வாங்கி மாணவர்களுக்குக் கொடுத்த அந்தக் கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ் லினக்ஸ். டெபியனை அடிப்படையாக வைத்து, சென்னை சி-டாக் உருவாக்கியது. தமிழில் மெனு, தமிழ் விசைப்பலகை எல்லாம் அதிலேயே உண்டு.

ஒரே ஹார்ட் டிஸ்க்கைப் பாகம் பிரித்து, ஆளுக்கொரு பாகம். பவர் பட்டனை அழுத்தினால் முதலில் க்ரப் என்கிற வாசல்காரன் வந்து எதைத் திறக்க என்று கேட்பான். சில நொடிகள் காத்திருப்பான். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், ஏற்கெனவே யாரோ குறித்து வைத்ததைத் திறந்துவிடுவான். தேர்வு என்று நாம் சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி அந்தச் சில நொடிகளில் சும்மா இருந்ததுதான் என்று பின்னாளில் நினைத்துக்கொண்டேன்.

கடைக்கு வந்தவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. "டபுள் ஓஎஸ்ஸ எடுத்துட்டு ஃபுல் விண்டோஸ் போட்டுக் குடுங்கண்ணே." அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்போது ப்ளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடத்தில் ஸ்டார் ஆபீஸ் இருந்தது. அதன் வழிவந்த மென்பொருள் பாஸில் தயாராகவே இருந்தது. இரண்டும் உறவு என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. இரண்டு கதவு வைத்த வீட்டைக் கொடுத்துவிட்டு, ஒரு கதவுக்கு மட்டும் வழி காட்டினால் மற்றது சுவர்தான்.

சிலர் தாங்களே லினக்ஸ் பாகத்தை அழித்துவிட்டு வருவார்கள். கருப்புத் திரையில் 'க்ரப் ரெஸ்க்யூ' என்று நிற்கும். வாசல்காரன் லினக்ஸ் வீட்டில் குடியிருந்தவன். அந்த வீட்டை இடித்ததும் விண்டோஸுக்கு வழிவிடவும் ஆள் இல்லை. விண்டோஸ் சிடியைப் போட்டு பூட் ரெக்கார்டைச் சரிசெய்து கொடுப்போம். பத்து நிமிட வேலை.

2013 வாக்கில் ஒரு பிள்ளை வந்தாள். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கிறவர். பெண் டிரைவ் மாற்றி மாற்றிப் போட்டதில் விண்டோஸ் முழுக்க வைரஸ். "சரி பண்ணிக் குடுங்கண்ணே" என்றாள். "ரெண்டு ஓஎஸ்ஸும் வேணுமா, ஒண்ணு போதுமா?" என்று கேட்டேன். "எது நல்லதோ பண்ணுங்கண்ணே."

விண்டோஸைத் திறந்து டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப், டி டிரைவ் எல்லாவற்றையும் பார்த்தேன். இருந்த சில போட்டோக்களை எடுத்து வைத்துக்கொண்டேன். மற்றபடி காலி. மொத்த டிஸ்க்கையும் அழித்து, ஒரே விண்டோஸாகப் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் திரும்பி வந்தாள். "அண்ணே, அம்மா கூலிக் கணக்கு இதுல வச்சிருந்தேன். காணும்."

"ஒண்ணும் இல்லையேம்மா. நான் எல்லாம் பாத்தேன், காலியாத்தான் இருந்துச்சு."

"அந்தக் கணக்கு பாஸ்ல இருந்துச்சுண்ணே. விண்டோஸ்தான் திறக்கவே மாட்டேங்குதே, அதனால எல்லாம் அதுலதான் எழுதுவேன்."

ஏழெட்டு மாதக் கணக்கு. அம்மா ஒவ்வொரு நாளும் எத்தனை பெட்டி அடைத்தார், எவ்வளவு வரவேண்டும், சனிக்கிழமை கையில் எவ்வளவு வந்தது என்று தமிழில் தட்டி வைத்திருக்கிறாள். கூலி குறைகிறது என்று அம்மாவுக்குச் சந்தேகம். அன்று ராத்திரி கடை அடைத்த பிறகும் உட்கார்ந்து, அழிந்ததை மீட்கும் மென்பொருளை ஓட்டினேன். துண்டு துண்டாக ஏதேதோ வந்தது, கணக்கு வரவில்லை. கடைசியில் கணக்குப்பிள்ளை நோட்டில் இருந்ததுதான் கணக்கு என்று ஆகிப்போனது. இரண்டு கணக்கு இருந்த இடத்தில் ஒன்றை நான் அழித்திருந்தேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. "பரவால்லண்ணே, உங்களுக்குத் தெரியாதுல்ல" என்றாள். அன்றிலிருந்து நான் யோசிப்பது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். எனக்குத் தெரியாது என்பது உண்மையா?

லினக்ஸுக்குள் இருந்து பார்த்தால் விண்டோஸ் பாகத்தின் கோப்புகளைத் திறக்கலாம், படிக்கலாம், எழுதலாம். விண்டோஸிலிருந்து பார்த்தால் லினக்ஸ் பாகம் டிரைவ் பட்டியலில்கூட வராது. வலிந்து ஒரு எழுத்தைக் கொடுத்து உள்ளே நுழையப் பார்த்தால், 'பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?' என்று மரியாதையாகக் கேட்கும். அதில் வன்மம் எதுவும் இல்லை. தனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தை வெற்றிடம் என்று மனதார நம்புகிறது, அவ்வளவுதான். பலமில்லாதவன் பலமுள்ளவனின் மொழியைக் கற்றுத்தான் பிழைக்க முடியும். பலமுள்ளவனுக்கு அந்த அவசியம் இல்லை.

இதை எங்கள் ஊர்க்காரன் எளிதில் புரிந்துகொள்ளலாம். சித்திரை, வைகாசியில் பஸ் ஜன்னல் வழியாகக் கரிசலைப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள் "என்னப்பா, ஒண்ணுமே இல்லாம பொட்டலாக் கெடக்கு" என்பார்கள். வெடித்துக் கிடப்பது எங்களுக்குக் காடு. ஐப்பசி மழைக்குக் காத்திருக்கிற காடு. அகராதிகளின் கண்ணிலும் நாங்கள் வெகுகாலம் அப்படித்தான் இருந்தோம். இங்கே பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குச் சொற்களைத் தேடித் தொகுத்து 1982-இல் ஒரு சொல்லகராதியாகவே கொண்டுவந்தார். அதுவரை அந்தச் சொற்கள் இல்லாமலா இருந்தன? பேசிக்கொண்டுதான் இருந்தோம். புத்தகத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியவில்லை.

இவ்வளவும் தெரிந்த ஊரில் பிறந்தவன்தான் நானும் "காலியாத்தான் இருந்துச்சு" என்றேன்.

விண்டோஸுக்குத் தெரியாது என்பதை மன்னிக்கலாம். அது ஒரு நிரல். எனக்கு இரண்டும் தெரியும். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, க்ரப் காத்திருக்கும் அந்த நொடிகளில் அம்புக்குறியை நகர்த்தி பாஸைத் தேர்ந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் கணக்கைப் பார்த்திருப்பேன். பார்க்காததற்குக் காரணம் அறியாமை இல்லை. அதை யாரும் பயன்படுத்துவதில்லை என்று முன்பே முடிவு கட்டியிருந்தேன். வந்த நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது சரியாகவும் இருந்திருக்கலாம். ஆனால் நூறாவது ஆள் வரும்போது, தொண்ணூற்றொன்பது பேரின் வழக்கம் எனக்கு எந்த அனுமதியும் தருவதில்லை.

நான் கேட்டுவிட்டுத்தானே அழித்தேன் என்று கொஞ்ச காலம் எனக்கே வாதாடியிருக்கிறேன். அந்த வாதமும் நிற்கவில்லை. ஓஎஸ் என்றால் என்ன, அதை எடுத்தால் எது போகும் என்று சொல்லாமல் கேட்ட கேள்வி அது. அவளைப் பொறுத்தவரை லேப்டாப் ஒன்று, அதில் தன் கணக்கு இருக்கிறது. "எது நல்லதோ பண்ணுங்க" என்பது சம்மதம் இல்லை, நம்பிக்கை. சம்மதம் வாங்கினால் பொறுப்பில் பாதி கொடுத்தவருக்குப் போகும். நம்பிக்கை வாங்கினால் முழுப் பொறுப்பும் வாங்கியவனுக்குத்தான்.

இப்போது சென்னையில் மென்பொருள் வேலை. சொந்தக்காரப் பிள்ளைகள் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தால் இன்றும் இரண்டு இயங்குதளம் போட்டுக் கொடுக்கிறேன். முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ். வரிசை மாறினால் பின்னால் வருகிற விண்டோஸ் வாசலைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். எதையும் அழிப்பதற்கு முன் இரண்டு பக்கமும் போய்ப் பார்க்கிறேன். க்ரப் அமைப்பில் காத்திருக்கும் நேரத்தை மைனஸ் ஒன்று என்று மாற்றிவிடுகிறேன். அப்படி வைத்தால் அது எண்ணாது. ஆள் வந்து ஒரு பட்டனை அழுத்தும்வரை எதையும் தானாகத் திறக்காமல் காத்திருக்கும்.

"என்ன மாமா, ஆன் பண்ணுனா சும்மாவே நிக்குது?" என்று போன வாரம்கூட ஒருத்தன் கேட்டான்.

நிக்கட்டும்டா, நீ சொல்ற வரைக்கும் நிக்கட்டும் என்றேன்.