கல்லாவுக்கு அந்தப் பக்கம்

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் லாமார் சாலையில் ஹோல் ஃபுட்ஸ் என்ற மளிகை நிறுவனத்தின் தலைமைக் கடை இருக்கிறது. எண்பதாயிரம் சதுர அடி. அங்கே இறைச்சிப் பகுதியில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கும் கோழிக்குப் பக்கத்தில் ஓர் எண் போட்டிருப்பார்கள். 1 என்றால் கூண்டில் அடைக்காமல், நெருக்கித் திணிக்காமல் வளர்த்த கோழி. 3 என்றால் வெளியே போய்வர வழி இருந்தது. 4 என்றால் மேய்ச்சல் நிலம். 5-க்கு மேல் ஒரு கூட்டல் குறி இருந்தால், அது தன் ஆயுள் முழுவதும் ஒரே பண்ணையில் இருந்தது என்று பொருள். குளோபல் அனிமல் பார்ட்னர்ஷிப் என்ற அமைப்பு வகுத்த இந்தப் படிநிலையை 2011-ல் அமெரிக்கக் கடைகளில் கொண்டுவந்தார்கள்.

கோழி எப்படி வாழ்ந்தது என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. அதை வெட்டி, நிறுத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுப்பவர் எப்படி வாழ்கிறார் என்பதற்கு அந்தக் கடையில் எண் கிடையாது. நல்ல கடை என்று நாம் எதைச் சொல்கிறோம் என்று யோசிக்கும்போதெல்லாம் என் மனம் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது.

அந்த எண்ணைப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அது வந்த கதை எனக்குப் பிடித்த கதை. 2003-ல் நிறுவனத்தின் பங்குதாரர் கூட்டத்தில் லாரன் ஓர்னெலஸ் என்ற விலங்குரிமைச் செயல்பாட்டாளர் எழுந்து நின்று, நீங்கள் விற்கும் வாத்துகள் எப்படி வளர்க்கப்படுகின்றன தெரியுமா என்று கேட்டார். நிறுவனர்களில் ஒருவரான ஜான் மேக்கிக்கு எரிச்சல். எங்களைவிட நல்ல கடை எங்கே இருக்கிறது என்கிற தோரணையில் பதில் சொன்னார். ஆனால் விட்டுவிடவில்லை. அந்தப் பெண்ணோடு மின்னஞ்சலில் வாதாடினார், தொழிற்பண்ணைகளைப் பற்றிய புத்தகங்களை வாங்கிப் படித்தார், கடைசியில் நீங்கள் சொன்னதுதான் சரி என்று அவருக்கே எழுதினார். தாவர உணவுக்கே மாறினார். ஒரு கேள்வி ஒரு முதலாளியை இவ்வளவு தூரம் நகர்த்தியதைக் கேள்விப்படுவது அபூர்வம்.

இந்த நிறுவனத்துக்கு இன்னொரு பழைய கதையும் உண்டு. 1980 செப்டம்பரில் ஒரே ஒரு கடையாகத் தொடங்கினார்கள். எட்டு மாதத்தில், 1981 மே மாதம், ஆஸ்டினில் பெருவெள்ளம். கடைக்குள் தண்ணீர் புகுந்து சரக்கும் பொருட்களும் நாசம். நஷ்டம் 4 லட்சம் டாலர். காப்பீடு எடுத்திருக்கவில்லை. வாடிக்கையாளர்களும் அக்கம்பக்கத்தவரும் வந்து சேறு அள்ளிக் கழுவிவிட்டார்கள். சரக்குக் கொடுத்தவர்கள் தவணை கொடுத்தார்கள். 28 நாளில் கடை மறுபடி திறந்தது. ஊர் தூக்கி நிறுத்திய கடை அது. அந்தக் கடன் உணர்வு பல வருடம் அதனிடம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அதிகாரிகளின் சம்பளம் சராசரி ஊழியர் சம்பளத்தின் 19 மடங்குக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்திருந்தார்கள். யார் எவ்வளவு வாங்குகிறார் என்பதை எந்த ஊழியரும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தது. ஃபார்ச்சூன் பத்திரிகையின் ‘வேலை செய்ய நல்ல 100 நிறுவனங்கள்’ பட்டியலில் 1998 முதல் இருபது வருடம் இடம்பிடித்தார்கள்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் மற்றதைப் பேச முடியும்.

ஃப்ளோரிடாவில் இம்மோகலி என்று ஓர் ஊர். அமெரிக்காவுக்குள் குளிர்காலத்தில் விளையும் தக்காளியில் பெரும்பகுதி அந்த மாநிலத்துத் தோட்டங்களில் விளைவது. 32 பவுண்டு, நம் கணக்கில் பதினாலரைக் கிலோ, பிடிக்கும் வாளியைப் பறித்து நிரப்பித் தோளில் தூக்கி லாரிக்கு எறிந்தால்தான் ஒரு வாளிக்கான கூலி. அந்தத் தொழிலாளர்கள் பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கேட்டுப் போராடினார்கள். அவர்கள் போனது தோட்ட முதலாளிகளிடம் மட்டுமில்லை. தக்காளியை வாங்கும் பெரிய கம்பெனிகளிடம் நேரே போனார்கள். 2008-ல் அவர்களோடு ஒப்பந்தம் போட்ட முதல் மளிகை நிறுவனம் ஹோல் ஃபுட்ஸ். மற்ற பெரிய கடைகள் முகம் திருப்பிக்கொண்டிருந்த நேரம் அது. தூரத்துத் தோட்டத்தில் குனிந்து நிற்கும் மனிதருக்காக அந்தக் கடை கையெழுத்திட்டது.

ஆனால் அதற்கு ஆறு வருடம் முன்னால், 2002-ல், விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் அதே நிறுவனத்தின் ஊழியர்கள் ஓட்டுப்போட்டுத் தொழிற்சங்கம் அமைத்திருந்தார்கள். நிறுவனத்தோடு ஒப்பந்தம் என்று ஒன்று கையெழுத்தாகாமலே அது கலைந்துபோனது. வாத்துக்காகப் பேசிய பெண்ணுக்கு மின்னஞ்சலில் பதில் எழுதிக்கொண்டிருந்த அதே மேக்கி, தொழிற்சங்கத்தைப் பற்றிப் பேசும்போது அதை நோயோடு ஒப்பிட்டவர். 2017-ல் அமேசான் 1,370 கோடி டாலருக்கு நிறுவனத்தை வாங்கியது. 2020 ஜனவரியிலிருந்து, வாரத்துக்கு முப்பது மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்கிறவர்களுக்கு மருத்துவக் காப்பீடு இல்லை என்றார்கள். சுமார் 1,900 பேர். மொத்த ஊழியர்களில் இரண்டு சதவீதம்கூட இல்லை என்று நிறுவனமே சொன்னது. இவ்வளவு குறைவான பேரின் செலவை மிச்சம் பிடிக்கவா என்று கேட்கத் தோன்றுகிறதே தவிர, மனம் சமாதானமாகவில்லை. இந்த நாட்டில் காப்பீடு இல்லாமல் ஒரு பல்வலியைத் தாங்குவது என்ன என்று இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். 2025 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியா கடை ஊழியர்கள் 130-க்கு 100 என்ற கணக்கில் சங்கத்துக்கு ஓட்டுப்போட்டார்கள். நிறுவனம் அந்தத் தேர்தலையே எதிர்த்து முறையிட்டது.

பழியை அமேசான் தலையில் போட்டுவிடுவது சுலபம். மேடிசன் நடந்தது அமேசான் வருவதற்குப் பதினைந்து வருடம் முன்னால். எனக்குத் தெரியும் வேறுபாடு வேறு. பங்குதாரர் கூட்டத்தில் கேட்ட கேள்வி, தக்காளித் தோட்டத்திலிருந்து வந்த கேள்வி இரண்டும் கடைக்கு வெளியிலிருந்து வந்தன. அவை வாடிக்கையாளர் காதில் விழக்கூடிய கேள்விகள். ஊழியர் கேட்பது கல்லாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. ‘நன்றாக இருக்கிறீர்களா, பை வேண்டுமா’ என்ற இரண்டு வாக்கியங்களுக்கு மேல் அவர் குரல் நம்மை எட்டுவதில்லை.

ஆர்கானிக் முத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அரசின் ஆர்கானிக் விதிகள் 2002-ல் நடைமுறைக்கு வந்தன. மண், விதை, உரம், பூச்சிமருந்து, மாட்டின் தீவனம் என்று பக்கம் பக்கமாக விதிகள். பறிப்பவரின் கூலியைப் பற்றி அதில் எதுவும் இல்லை. என் குழந்தையின் வயிற்றுக்குள் போகும் கீரையில் விஷம் இருக்கக்கூடாது என்ற என் கவலைக்கு அந்த முத்திரை பதில் சொல்கிறது. அது நியாயமான கவலை. ஆனால் அந்தக் கவலையின் நடுவில் நான்தான் இருக்கிறேன்.

என்னை ரொம்ப நாள் அலைக்கழித்தது கொலராடோ ஆட்டுப்பால் விவகாரம். அங்கே சிறைக் கைதிகள் ஆடு வளர்த்துப் பால் கறந்தார்கள். தனியார் பண்ணை ஒன்று அதை வாங்கிப் பாலாடைக்கட்டி செய்தது. கைதிகள் வளர்த்த திலேப்பியா மீனும் இருந்தது. இரண்டும் ஹோல் ஃபுட்ஸ் அலமாரிக்கு வந்தன. கைதிகளின் கூலி நாளைக்குச் சில்லறைக் காசு. 2015-ல் எதிர்ப்பு கிளம்பியதும், அடுத்த வருடம் ஏப்ரலுக்குள் இரண்டையும் எடுத்துவிடுகிறோம் என்று அறிவித்தார்கள். கைதிகள் திரும்பி வந்து வாழ இது உதவும் என்று நினைத்தோம், வாடிக்கையாளர்களுக்குச் சங்கடமாக இருப்பதால் நிறுத்துகிறோம் என்பது அவர்கள் சொன்ன விளக்கத்தின் சாரம். பாலாடைக்கட்டி அலமாரியிலிருந்து போனது. என் போன்றவர்களின் சங்கடமும் கூடவே போனது. கைதி சிறையிலேயேதான் இருந்தார். அவருக்குச் சரியான கூலி கொடுங்கள், கொடுத்தால் வாங்குகிறோம் என்று யாராவது கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எங்கள் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்றுதான் வாடிக்கையாளர் கூட்டம் கேட்டது. கேட்டது கிடைத்துவிட்டது.

அதே 2015-ல் நியூயார்க் நகர நுகர்வோர் துறை, முன்கூட்டியே பொட்டலம் கட்டிய 80 வகைப் பொருட்களை நிறுத்துப் பார்த்து, எல்லா வகையிலும் எடை தவறாகப் போட்டிருப்பதாகச் சொன்னது. கடைசியில் 5 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு இந்த நிறுவனத்தின் நேர்மை என்றதும் இதுதான் நினைவுக்கு வரும். எனக்கு இது பெரிதாகப் படவில்லை. தராசை ஆய்வாளர் வந்து சரிபார்த்துவிடலாம்.

எங்கள் அடுக்ககத்தில் ஒரு திருநெல்வேலி அக்கா இருக்கிறார். வேறொரு பெரிய கடையில் பில் போடுகிறார். பெயர் வேண்டாம். சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து கெண்டைக்காலை நீவிவிட்டுக்கொண்டிருப்பார். கணுக்காலைச் சுற்றிச் சாக்ஸ் விளிம்பு பதிந்த தடம் இரவு வரை மறையாது.

“நின்னுக்கிட்டேதான் பாக்கணும் தம்பி. ஒரு ஸ்டூல் கேட்டேன். ஒக்காந்து பில் போட்டா கஸ்டமர் என்ன நெனப்பாங்கன்னுட்டாங்க.”

கஸ்டமர் என்றால் நான்தான். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே என் பெயரைச் சொல்லி ஒரு பெண்ணுக்கு நாற்காலி மறுக்கப்பட்டிருக்கிறது. நம் ஊரில் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் இதே காரணத்தைச் சொல்லித்தான் நிற்க வைத்தார்கள். கோழிக்கோட்டில் கடைப் பெண்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். அதன் பலனாக 2018-ல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டத்தில் எழுதியது. 2021-ல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இருக்கை கட்டாயம் என்றது. கேட்டவர்கள் கல்லாவுக்கு அந்தப் பக்கத்தில் நின்றவர்கள். புடவை வாங்கப் போன கூட்டத்திலிருந்து அந்தக் கோரிக்கை எழவில்லை.

நண்பர் ஒருவர் ஹோல் ஃபுட்ஸ் பக்கமே போவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார். வேஷதாரிக் கடை என்பார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் இப்போது வாங்கும் இடங்களில் கோழியைப் பற்றியும் கேள்வி இல்லை, ஆளைப் பற்றியும் கேள்வி இல்லை. பச்சரிசியும் உளுந்தும் வாங்க நாம் போகும் நம்மவர் கடைகளில், பின்னால் மூட்டை இறக்கும் பையனுக்கு மணிக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்? நல்லவன் என்று பெயர் எடுக்க விரும்பும் கடையிடம் அந்தப் பெயரைச் சொல்லியே வாதாடலாம். வாத்து விஷயத்தில் ஓர்னெலஸ் செய்தது அதைத்தான். எதையும் வாக்களிக்காத கடையிடம் எதைப் பிடித்துக்கொண்டு பேசுவது?

ஆகையால் நான் போவதை நிறுத்தவில்லை. ஃபிலடெல்ஃபியா ஊழியர்களோடு பேசுங்கள் என்று நிறுவனத்துக்கு எழுதினேன், வாடிக்கையாளர் என்ற முறையில். அக்காவின் கடைக்கும் போய், உட்கார்ந்து பில் போட்டால் கஸ்டமர் ஒன்றும் நினைக்க மாட்டார், நான்தான் அந்தக் கஸ்டமர் என்று மேனேஜரிடம் சொல்லப்போகிறேன் என்றேன். அக்கா பதறிவிட்டார்.

“நீ பாட்டுக்குப் போயி கேட்டுராத. நான்தான் சொல்லி அனுப்பினேன்னு நெனைச்சு நேரத்தக் கொறச்சிருவான். கேக்கதா இருந்தா நான் டூட்டில இல்லாத நேரமாப் பாத்துக் கேளு. தனியாப் போவாத, இன்னும் ரெண்டு மூணு பேரக் கூட்டிட்டுப் போ.”

செவ்வாயும் வியாழனும் அவருக்கு வேலை இல்லை. வேஷதாரிக் கடை என்று சொல்லும் நண்பரையும் வியாழக்கிழமைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.