மாத்திரை சாப்பிடுகிறவன் சாட்சி சொல்லலாமா?



இந்த மாதம் நம்ம மூப்பர் கூடுகையில் வந்த ஒரு கேள்வியைப் பற்றி எழுதுகிறேன். சபையிலே ஒரு தம்பி இருக்கிறார், பெயர் வேண்டாம். நாலு வருஷத்துக்கு முன்னாலே அவர் காதுக்குள்ளே யாரோ திட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. சோற்றில் விஷம் வைக்கிறார்கள் என்று சொல்லி, பெற்ற தாய் கையால் கூட வாங்கிச் சாப்பிட மாட்டார். இன்றைக்கு அவர் லால்குடியில் ஒரு மெக்கானிக் கடையில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை சம்பளத்தை அம்மா கையில் கொடுக்கிறார், ஞாயிற்றுக்கிழமை நமக்கெல்லாம் முன்னாலே வந்து பாய் விரிக்கிறார். ராத்திரி மாத்திரையும் போடுகிறார். சத்தம் முழுசாக நின்றுவிட்டதா என்று கேட்டேன். "எப்பவாச்சும் வருது பாஸ்டர். வந்தா வந்துட்டுப் போகுதுன்னு நான் பாட்டுக்கு ஸ்பானரைப் பிடிச்சுக்கிட்டு இருப்பேன்" என்றார்.

அவர் சாட்சி சொல்ல அனுமதி கேட்டார். ஒரு மூப்பர், நல்ல ஜெபவீரர், "மாத்திரையை நிறுத்தின பிறகு சொல்லட்டும் பாஸ்டர். இப்ப சொன்னா மகிமை ஆண்டவருக்கா, டாக்டருக்கா?" என்றார்.

இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. மகிமையைக் குறித்த வைராக்கியம் நல்லதுதான். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டு பிரசங்கம் பண்ணுகிற எத்தனையோ ஊழியர்களை நாம் கைதட்டி வரவேற்கிறோம் என்று உடனே பதில் சொல்லலாம். ஆனால் அந்த பதில் போதாது. சர்க்கரை சரீரத்தில் வருகிறது. இது மனசில் வருகிறது, மனசுக்குப் பக்கத்தில் ஆவி இருக்கிறது, ஆகவே இது பிசாசின் கிரியையாக இருக்குமோ என்று நமக்குள் ஒரு பயம். அந்தப் பயத்தோடே மாற்கு 5-ம் அதிகாரத்துக்குப் போவோம்.

கல்லறையில் குடியிருந்த மனிதனை விலங்கிட்டுச் சங்கிலியால் கட்டினது யார்? ஊர் ஜனங்கள். ஆண்டவர் கட்டவில்லை. அவர் அவனிடத்தில் கேட்டது அவனுடைய பேரை. கடைசியில் ஊரார் வந்து பார்க்கும்போது அவன் உடுத்தி, புத்தி தெளிந்து, உட்கார்ந்திருக்கிறான். அவனும் படவில் ஏறி வருகிறேன் என்று கெஞ்சுகிறான். ஆண்டவர் சம்மதிக்கவில்லை, உன் வீட்டுக்கு, உன் இனத்தாரிடத்துக்குப் போய்ச் சொல் என்று அனுப்பிவிடுகிறார். அவன் வீடு திரும்புவது வரைக்கும் அந்த அற்புதம் முடியவில்லை என்றுதான் நான் வாசிக்கிறேன். (ஊரார் பன்றிகள் போனதற்குத்தான் அதிகம் வருத்தப்பட்டார்கள், அது தனிப் பிரசங்கம்.)

"அவன் பூரண சுகமானவன் பாஸ்டர்" என்பார் நம்ம மூப்பர். மெய்தான். அப்படியானால் பவுலைப் பாருங்கள். முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார், நீங்கவில்லை. முள்ளோடேயே சாட்சி எழுதினார். எலியா சூரைச்செடியின் கீழே சாவைக் கேட்டபோது தூதன் வந்து கடிந்துகொண்டானா? அடையும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிக் கொடுத்தான். எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசு கூட்டிக் கொடுத்த அதே தேவன், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் செய்தார். மகிமையை இரண்டாகப் பங்கு போட்டுவிட்டோமே என்று ஏசாயா கலங்கினதாக வேதத்தில் இல்லை.

சங்கிலியைப் பற்றிச் சொன்னேனே, அது பழைய காலத்துக் கதை இல்லை. நம்ம தமிழ்நாட்டில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6-ந்தேதி விடியற்காலையில் ஒரு மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். தர்கா ஊரில் நடந்தது, நமக்கென்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜெப வீடு என்று போர்டு மாட்டிய இடங்களிலும் கட்டிப்போடுகிற பழக்கம் இருந்தது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தடுத்திருக்கிறது. குடும்பம் ஏற்றுக்கொள்ளவில்லை, தங்க வீடில்லை என்கிற காரணத்துக்காக மட்டும் ஒருவரை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கக்கூடாது என்றும் அது சொல்கிறது. இதை வாசித்தபோது உன் வீட்டுக்குப் போ என்று ஆண்டவர் சொன்னதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. கோயிலுக்கும் தர்காவுக்கும் சபைக்கும் ஜனங்கள் ஏன் முதலில் ஓடுகிறார்கள்? முட்டாள்தனம் என்று படித்தவர்கள் சொல்லுவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நம்ம திருச்சியிலிருந்து சேலம் ரோட்டில் போனால் காவிரிக் கரையில் குணசீலம். மனசு பேதலித்தவர்களை அங்கே 48 நாள் தங்கவைக்கிற வழக்கம் ரொம்பக் காலமாக இருக்கிறது. பின்னாளில் அந்தக் கோயிலை ஒட்டி மனநல மறுவாழ்வு மையமும் ஏற்படுத்தினார்கள். நம்முடைய விசுவாசம் வேறு. ஆனாலும் கூடப் பிறந்தவனையோ பெண்டாட்டியையோ கூட்டிக்கொண்டு போய், வேலையை விட்டுவிட்டு, கூடவே படுத்துக் கிடக்கிற அந்தக் குடும்பத்தைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன். தமிழ்நாட்டில் ஒரு கிராமத்துக் கோயிலில் தங்கியிருந்த 31 பேரை மனநல டாக்டர்கள் ஆராய்ந்து 2002-ல் லண்டன் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் எழுதினார்கள். மருந்தில்லாமலே நோயின் அறிகுறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்ததாம். பயமுறுத்தாத இடம், கூடவே சொந்தக்காரர், தினமும் செய்ய ஒரு சின்ன வேலை, இவைகளுக்கு அவ்வளவு பலன்! மீதி நாலு பங்கு அப்படியே இருந்தது என்பதையும் சேர்த்து வாசியுங்கள்.

குடும்பத்தைக் கூடவே வைத்துக்கொண்டு வைத்தியம் பண்ணலாம் என்பதை வேலூர் மிஷன் ஆஸ்பத்திரி 1950-களிலேயே கண்டுகொண்டது. அங்கே நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்குவார். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் அம்மா 1984-ல் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினபோது, மாத்திரையோடு நிறுத்தாமல் நோயாளிக்கு ஒரு தொழில், வீட்டாருக்கு ஒரு விளக்கம் என்று சேர்த்துச் செய்தார்கள். இப்போது வைத்தியர்கள் இதற்கு மீட்சி என்று பேர் சொல்லுகிறார்கள். நோயின் சுவடே இல்லாமல் போவது மட்டும் அல்ல, நோய் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் மனுஷன் தன் வேலையை, தன் சொந்தபந்தத்தை, தன் மரியாதையைத் திரும்பப் பெற்றுக்கொள்வது. மீட்பு என்கிற வார்த்தையை நமக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லையே!

டாக்டர்மாரும் நம்மிடம் கொஞ்சம் கற்றுக்கொள்ள வேண்டும். நம்ம சகோதரி ஒருத்தி தூக்கம் வராமல் ஒரு டாக்டரிடம் போனாள். ஜெபத்தில் அந்நிய பாஷை பேசுவேன் என்று சொன்னாள். வேறு ஒன்றும் கேட்காமல் அவர் சீட்டில் இன்னொரு மாத்திரையை எழுதிவிட்டார். அவள் திரும்ப அந்தப் பக்கமே போகவில்லை, தூக்கமும் வரவில்லை. நஷ்டம் யாருக்கு? ஒருவருடைய சமுதாயத்தின் மத நம்பிக்கைக்கு ஒத்துப்போகிறாரா இல்லையா என்பதை வைத்து அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக்கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. உங்க சபையிலே எல்லாரும் இப்படித்தான் ஜெபிப்பீங்களா, இப்ப உங்களுக்கு வர்றது அதுதானா, இல்லை வேற மாதிரி இருக்கா என்று ஒரு நிமிஷம் கேட்டிருந்தால் போதும். அவளே வித்தியாசம் சொல்லியிருப்பாள். அந்நிய பாஷையில் ஜெபிக்கிறவளுக்குச் சமாதானம் வரும். ராத்திரி மூணு மணிக்கு வந்து நீ செத்துப் போ என்று சொல்லுகிற சத்தத்தில் சமாதானம் ஏது?

கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று மறைத்துப் பெண் கேட்கிறவர்களைப் பற்றி இன்னொரு மாதம் எழுதுகிறேன். அதற்குக் கொஞ்சம் கோபம் தணிய வேண்டும்.

மூப்பரிடம் நான் சொன்னது இதுதான்: "ஐயா, அந்தத் தம்பி நாலு வருஷமா ராத்திரி ராத்திரி அந்த மாத்திரையை ஜெபம் பண்ணித்தான் விழுங்குறான். நிறுத்தச் சொன்னா அவனும் நிறுத்துவான், உங்க மேலே அவனுக்கு அவ்வளவு மரியாதை. மறுபடியும் அவன் அம்மா கையாலே சாப்பிட மாட்டேன்னு சொல்ற நாள் வந்தா அந்த அம்மாவுக்கு நீங்க பதில் சொல்றீங்களா, நான் சொல்லவா?" அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "பத்து நிமிஷத்துக்கு மேலே போகாம பார்த்துக்கோங்க" என்றார்.

வருகிற மாதம் முதல் ஞாயிறு சாட்சி வேளையில் தம்பி பேசுவார். கேட்டுவிட்டு யாரும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், அது டாக்டரிடம் கேட்டுச் செய்கிற காரியம். திருச்சி பெரியாஸ்பத்திரிக்குத் தனியாகப் போகக் கூச்சப்படுகிறவர்களோடு காலை பஸ்ஸில் வர நம்ம சகோதரர் இரண்டு பேரும் பாஸ்டரம்மாவும் ஆயத்தமாக இருக்கிறார்கள். என்னிடம் மட்டும் சொன்னால் போதும், ஜெபக் குறிப்பில் பெயர் எழுத மாட்டோம். ராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்குப் போன் போடலாம், காசு இல்லை, தமிழிலேயே பேசுவார்கள். என் வீட்டுக் கதவையும் தட்டலாம்.