பொட்டு வைத்த லேப்டாப்

2020 ஆகஸ்ட். வீடே ஆபீஸாக இருந்த காலம். என் பழைய லேப்டாப் ஒரு நாள் காலையில் மூச்சை விட்டுவிட்டது. மறுநாள் ஆபீஸிலிருந்து ஐ.டி. பிரிவுத் தம்பி பைக்கில் வந்து, கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, சானிடைசர் வாசனையோடு ஒரு பையை நீட்டினார். "யூஸ் பண்ண மெஷின்தான் சார். ஆனா ஃபார்மட் பண்ணி சுத்தமா துடைச்சாச்சு. புதுசு மாதிரி இருக்கும்."

இருந்தது. திறந்தால் நீலப் பின்னணியில் கம்பெனி லோகோ. முன்னால் யாரோ இதில் வேலை பார்த்தார்கள் என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. சாயங்காலம் வீடியோ மீட்டிங். "சார், உங்க குரல் வருது, மூஞ்சி வரலை" என்றார்கள். செட்டிங்ஸில் பத்து நிமிஷம் மல்லுக்கட்டிவிட்டு, தற்செயலாகத் திரைக்கு மேலே பார்த்தேன். கேமராக் கண்ணின் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. மிளகு அளவு. மெரூன் கலர்.

யாருடையது என்று உடனே தெரிந்துவிட்டது.

லே-அவுட் பிரிவில், என் சீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தவர். 2016-ல் ஃபேஸ்புக் முதலாளி மார்க் ஸக்கர்பெர்க் தன் லேப்டாப் கேமராவை டேப் ஒட்டி மூடி வைத்திருப்பது ஒரு போட்டோவில் தெரிந்து, உலகமே அதைப் பற்றிப் பேசியதல்லவா? இந்த அம்மா டேப்பெல்லாம் தேடவில்லை. நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டிவிட்டார். திரையில், முன்பல் விழுந்த அவர் பையன் சிரித்துக்கொண்டிருப்பான். மூடியின் மேல் அவனே ஒட்டிய சோட்டா பீம் ஸ்டிக்கர். அது போன இடம் மட்டும், சாய்த்துப் பார்த்தால் லேசாக வெளுத்துத் தெரிந்தது.

அந்த ஜூனில், 'நீங்களாகவே ராஜினாமா செய்துவிடுங்கள்' என்று மெயில் வாங்கிய பதினோரு பேரில் அவரும் ஒருவர். நான் போன் செய்யவில்லை. என்ன பேசுவதென்று தெரியவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது நாகரிகமான பொய். பட்டியலில் என் பெயர் இல்லை. அடுத்த பட்டியலிலும் இருக்கக் கூடாது. அதுதான் நிஜம்.

மீட்டிங் காத்திருந்தது. நகத்தால் பொட்டை எடுத்தேன். கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. இப்போது இதை என்ன செய்வது? குப்பையில் போட மனசு வரவில்லை. ஒரு பாக்கெட்டில் பதினைந்து இருபது இருக்கும் பொட்டில் ஒன்று. ஆனாலும் வரவில்லை.

நான் பி.காம். படித்தவன். கணக்குகள் மூன்று வகை என்று முதல் வருஷமே மண்டையில் ஏற்றிவிட்டார்கள். ஆள்சார் கணக்கு, சொத்துக் கணக்கு, பெயரளவுக் கணக்கு. பெயர் என்னவோ பர்சனல் கம்ப்யூட்டர்தான். புத்தகத்தில் அது சொத்துக் கணக்கில் மட்டுமே ஏறும். 2013-ம் வருஷத்து கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை லேப்டாப்புக்கு 3 வருஷ ஆயுள் கொடுக்கிறது. அதற்குள் தேய்மானம் எழுதித் தீர்த்துவிடலாம். பையனின் முன்பல்லை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அட்டவணையில் இல்லை.

ஆக, சட்டப்படி அந்த அம்மாவுக்கு ஒரு உரிமையும் கிடையாது. அப்புறம் ஏன் நான் யார் வீட்டிலோ புகுந்து பூஜை ரூமைக் கலைத்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்?

ஜான் லாக் என்ற இங்கிலீஷ்காரர் 1689-ல் வெளிவந்த புத்தகத்தில் ஒரு வழி சொல்லியிருக்கிறார். யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தில் ஒருவன் தன் உழைப்பைக் கலந்தால், அது அவனுடையதாகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. 1974-ல் ராபர்ட் நோஸிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதைக் கிண்டினார். என் டப்பாவிலிருக்கும் தக்காளி ஜூஸைக் கடலில் கொட்டிக் கலக்கிவிடுகிறேன். கடல் எனக்குச் சொந்தமா, இல்லை, என் ஜூஸ் போச்சா?

ஜூஸ் போச்சு. ஆபீஸ் லேப்டாப்பில் ஒட்டிய சோட்டா பீமும் போச்சு. வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு இது நோஸிக் சொல்லாமலே தெரியும். "சுவத்துல ஆணி மட்டும் அடிக்காதீங்க" என்பதுதானே ஹவுஸ் ஓனரின் முதல் வாக்கியம்? ஆனாலும் ஒரு ஆணி அடிக்கிறோம். முருகன் காலண்டருக்கு. காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிப்பார் என்று தெரிந்தேதான் அடிக்கிறோம்.

இந்த ஆணி ஆசையைக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் நம்மைவிட நன்றாகப் புரிந்துவைத்திருக்கின்றன. 2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் 'ஸ்டார்ட்டர்' என்று ஒரு மலிவுப் பதிப்பு இருந்தது. சின்ன லேப்டாப்களில் போட்டுக் கொடுப்பார்கள். அதில் வால்பேப்பரை மாற்ற முடியாது! ஒரு படத்தை மாற்றுவதில் மைக்ரோஸாஃப்டுக்கு என்ன செலவு? ஒன்றுமில்லை. இல்லையென்றால்தான் அருமை தெரியும், காசு கொடுத்து மேல்பதிப்புக்குப் போவீர்கள் என்ற கணக்கு. உங்கள் சுவரில் ஆணி அடிக்க உங்களுக்கே தனிக் கட்டணம்.

ஆப்பிள்காரர்கள் வேறு மாதிரி. அவர்களுடைய பழைய லேப்டாப்களில் மூடி மேலிருக்கும் ஆப்பிள், மூடி வைத்திருக்கும்போது சொந்தக்காரருக்கு நேராகத் தெரியும். திறந்தால், எதிரில் இருப்பவருக்குத் தலைகீழ். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைத் திருப்பிவிட்டார்கள். இப்போது எதிரில் இருப்பவருக்கு நேர், வாங்கியவருக்குத் தலைகீழ். காசு கொடுத்தவனைவிட வேடிக்கை பார்ப்பவன் முக்கியமாகிவிட்டான்.

நம் ஊரிலும் மூடிக்கு மவுசு உண்டு. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, மூடியில் முதல்வர் ஜெயலலிதாவின் படம் இருந்தது. ஒருமுறை விழுப்புரம் பாசஞ்சரில் ஒரு பையன் அந்தப் படத்தின் மேல் கச்சிதமாக மெஸ்ஸியை ஒட்டி வைத்திருந்தான். "அரசியலா தம்பி?" என்றேன். "இல்ல அங்கிள், கிளாஸ்ல நாப்பது பேர் கிட்டயும் ஒரே மாதிரி இருக்கு. என்னோடது எதுன்னு தெரியணும்ல?" என்றான்.

என் நண்பர் ஒருவர், தொழிற்சங்கத்தில் ஊறியவர், இதையெல்லாம் ஒப்புக்கொள்ள மாட்டார். "வால்பேப்பர் மாத்திக்கோ, மவுஸ் அம்பு கலரை மாத்திக்கோன்னு விடறது எதுக்கு? சம்பளம், வேலை நேரம், வேலைக்கு உத்தரவாதம்... இதையெல்லாம் நீ மாத்தச் சொல்லிக் கேக்காம இருக்கறதுக்கு. குழந்தைக்கு கிலுகிலுப்பை குடுக்கற மாதிரி." பாதி நியாயம். அந்த அம்மா ராத்திரி ஒன்பது மணி வரை பக்கம் முடித்துக் கொடுத்த நாட்களில், பையன் அந்தத் திரையில்தான் அவருக்குக் கிடைத்தான். அந்தப் படம் இருந்ததால்தான் ஒன்பது மணி வரை உட்கார முடிந்தது என்றால், படத்தின் லாபம் யாருக்கு? இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆனால் மீதிப் பாதியில் நண்பர் தப்பு என்று நினைக்கிறேன். ஆயுத பூஜை அன்று ஏதாவது லேத் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். மிஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பவர் அதன் முதலாளி இல்லை. நாளைக்கே வேறு பட்டறைக்குப் போகக்கூடியவர். 'இது என் சொத்து' என்றா அந்தப் பொட்டு சொல்கிறது? எந்த இடத்தில் எண்ணெய் கேட்கும், எப்போது சூடாகும் என்று அவருக்குத்தான் தெரியும். தினம் எட்டு மணி நேரம் கூட இருப்பவர் வைக்கிற பொட்டு அது.

எழுதும்போது 'என்னுடைய' என்கிறோம். அதில் உடைமை இருக்கிறது. பேசும்போது 'என்னோட' என்கிறோம். என்னோட லேப்டாப், என்னோட ஆபீஸ். அது 'உடைய'வின் தேய்மானம்தான் என்று தமிழாசிரியர்கள் அடிக்க வருவார்கள். வரட்டும். என் காதில் அது 'என்னோடு' என்றுதான் விழுகிறது. என்னோடு இருக்கிற லேப்டாப். அந்தக் கணக்கில் அந்த அம்மாவுக்கு நாலு வருஷ வரவு உண்டு. ஃபார்மட் பண்ணியவர்கள் புத்தகத்தில் அது ஏறவில்லை, அவ்வளவுதான்.

பொட்டைத் திரையின் ஓரத்தில், நம் வீட்டுப் பெண்கள் பாத்ரூம் கண்ணாடியில் ஒட்டுவார்களே, அப்படி ஒட்டினேன். மீட்டிங் முடிந்தது. ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு போன் செய்தேன். இரண்டு மாசம் லேட்.

"சொல்லுங்க சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கூப்பிடாததற்கு மன்னிப்பு மாதிரி ஏதோ உளறினேன். "பரவால்ல சார், யாருமே கூப்பிடலை" என்றார். கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறாராம், பையனின் ஆன்லைன் கிளாஸ் முடிந்த பிறகு, வீட்டிலிருக்கும் ஒரே கம்ப்யூட்டரில்.

அவருடைய லேப்டாப் என்னிடம் வந்திருக்கிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"கேமரா மேல பொட்டு இருக்குமே சார்?"

"இருந்துச்சும்மா. எடுத்து ஓரமா ஒட்டியிருக்கேன்."

"மீட்டிங் முடிஞ்சதும் மறுபடி ஒட்டிடுங்க, அது சமயத்துல தானா ஆன் ஆகும். அப்புறம் சார், ஸ்பேஸ் பார் இடது பக்கம் அமுங்காது. வலது கட்டைவிரலால தட்டுங்க. நானும் ரெண்டு வருஷமா மாத்திக் குடுக்கச் சொல்லிட்டே இருந்தேன்."