பட்டாளத்து வாடகை

சென்ற மாதம் ஒரு நாள் மஃரிபுக்குப் பின் நம் கடைக்குத் தரகர் ஒருவர் வந்தார். உலு திராமில் பட்டாளத்து முகாமுக்குப் பக்கமாக வரிசை வீடு ஒன்று விலைக்கு வருகிறதாம். நாலு பேர் பங்கு சேர்ந்தால் வாங்கிவிடலாமாம். "பட்டாளத்துக்காரர் மாற்றலில் வந்துகொண்டே இருப்பார், கேட்டதைக் கொடுப்பார்" என்றார். அந்தக் கடைசிச் சொல்தான் நம்மை உறுத்திற்று.

வீட்டை வாடகைக்கு விடுவது ஹலால். அதில் ஐயமில்லை. ஆனால் அவர் ஏன் கேட்டதைக் கொடுக்கிறார்? கையில் மாற்றல் உத்தரவு. பக்கத்தில் மனைவி, குழந்தை. ஊர் வாடகை இன்னதென்று தெரியாது. நாலு வீடு பார்க்க நாளுமில்லை. சரக்குக் கொண்டுவரும் கூட்டத்தாரை ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு, சந்தை விலை அவர்கள் அறியுமுன் வாங்குவதை நபி பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சந்தைக்கு வந்து விலை அறிந்தபின் அந்தப் பேரத்தை முறிக்கவும் சரக்குடையவருக்கு உரிமை உண்டு. அங்கே அறியாதவர் விற்பவர். இங்கே அறியாதவர் குடிவருபவர். அறியாமையைக் காசாக்குவது இரண்டிலும் ஒன்றே என்பது நம் எண்ணம். ஆலிம்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்வோம்.

"அரசாங்கப் பணந்தானே!" என்பார் சிலர். சகோதரர்களே, அரசாங்க ஆபீசுக்குச் சரக்குப் போடும்போது நிறையைக் குறைத்தா போடுகிறோம்?

நம் பாட்டனாரும் இந்தப் பேச்சில் மயங்கியவர்தான். உலு திராமில் இன்று மலேசியப் படையின் புலாடா இருக்கிறதே, அது 1971 வரை பிரிட்டிஷாரின் காட்டுப் போர்ப் பள்ளி. நீரிணைக்கு அப்பால் செம்பவாங்கில் அவர்களுடைய கடற்படைத் தளம். ஜோகூர் பாருவில் பாட்டனாருக்கிருந்த ஒரே வாடகை வீட்டில் குமாஸ்தா ஒருவர் குடும்பத்தோடு ஒன்பது வருஷம் இருந்தார். வெள்ளைக்காரச் சார்ஜன்ட் ஒருவர் இரண்டு பங்கு தருவதாகச் சொல்லவே, குமாஸ்தாவைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். 1968 ஜனவரியில் பிரிட்டிஷ் பிரதமர் வில்சன், 1971 முடிவுக்குள் இப்பக்கத்துப் படைகளைத் திருப்பிக்கொள்வதாக அறிவித்தார். சார்ஜன்ட் போனார். பழைய வாடகைக்கே திரும்பி வரும்படி குமாஸ்தாவுக்கு ஆள் அனுப்பினார் பாட்டனார். வந்த பதில் ஸலாம் மட்டுமே. வீடு பல மாதம் பூட்டிக் கிடந்தது. சுவரும் கூரையும் அதேதான். அப்படியானால் அந்த இரண்டாம் பங்கு எதற்கான விலை? பாட்டனார் கடைசிவரை அந்தக் குமாஸ்தாவின் பெயரை வீட்டில் எடுத்ததில்லை என்பார்கள் வாப்பா.

தரகரிடம் நாம் ஒரு நிபந்தனை சொன்னோம்: பக்கத்து வீட்டுத் தொழிற்சாலைக்காரர் என்ன கொடுக்கிறாரோ அதுவே பட்டாளத்துக்காரருக்கும், கையொப்பமிடுமுன் அவருக்கு வேறு இரண்டு வீடும் காட்ட வேண்டும். அவர் பென்சிலை எடுத்து, அந்த வாடகை மாதத் தவணைக்கே போதாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கில் பிழையில்லை. பங்கு சேர இருந்தவர்களில் இருவர் அன்றே விலகிக்கொண்டார்கள். காகிதம் இன்னும் நம் கல்லாப்பெட்டியில்தான் இருக்கிறது.