வல்லாரையும் வாயில்லா உயிரும்

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் வாய்க்கால் ஓரங்களில் ஈரம் கண்ட இடமெல்லாம் படர்ந்து கிடப்பது வல்லாரை. விதைப்பாரின்றி வளரும் இக்கீரை நினைவாற்றலுக்கு உற்றது என்பது நம் முன்னோர் கொள்கை. நம் சான்றோர் மருந்தை அறத்தினின்று வேறாகக் கருதினாரல்லர். கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்றும், காரியாசான் தம் நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும் மருந்தின் பெயரையே சூட்டினர். நால்வகைத் தானங்களுள் ஔஷத தானமும் ஒன்றன்றோ?

இந்நாளில் மருந்து வேண்டுவது உடலுக்கு மட்டுமன்று. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பட்டுக்கோட்டைப் பகுதியில் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, எத்தனையோ குடும்பங்களின் பல்லாண்டு உழைப்பு ஓரிரவில் வீழ்ந்தது. இத்தகைய துயரம் நெடுநாள் நீடித்தால் மூளையையே தாக்கும் என்பது இக்கால அறிவியல் முடிபு.

அம்முடிபு எவ்வாறு பெறப்பட்டது? எலிகளை நாள்தோறும் 6 மணி நேரம் வீதம் 21 நாள்கள் அசைய இயலாதவாறு அடைத்து வைத்தனர். நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில் அவற்றின் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கியிருந்தன. வல்லாரை நரம்பணுக்களுக்கு நலம் செய்யும் என்பதற்கான சான்றுகளும் பெரும்பாலும் எலிகளிடம் பெறப்பட்டனவே. மனிதரிடம் நடந்த ஆய்வுகள் சிறியன.

தீவினையைச் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையே என்பது நம் அறநெறி. அங்ஙனமாயின், அவ்வுயிர்களின் வேதனையில் விளைந்த அறிவைக் கொண்டு நாம் பயனடைவது உடன்படுதல் ஆகாதா?

அவ்வறிவை முற்றும் விலக்குக என்பர் ஒரு சாரார். நாம் விலக்குவதால் அவை பட்ட வேதனை நீங்கிவிடாது. நோயுற்றார்க்கு உதவும் வழியொன்று அடைபடும். நமக்கென்ன என்று பயன்கொள்வர் மற்றொரு சாரார். அது நெஞ்சை மரத்துப்போகச் செய்யும். முன்னர்ப் பெற்ற அறிவை வருத்தத்தோடு ஏற்பது வேறு. இன்னும் வேதனை நிகழட்டும் என விரும்புவது வேறு. பின்னதே அனுமோதனை என்பது நம் கருத்து. இயன்றவிடமெல்லாம் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்பது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. பன்னெடுங்காலம் உணவாக உண்டுவரும் கீரையின் பயனை, இசைவு தரும் மனிதரிடமே ஆராயலாம் என்று நாம் கேட்டல் தகும்.

அவ்வெலிகள் உணர்த்திய மற்றோர் உண்மையும் உண்டு. அடைப்பினின்று விடுவித்தபின், சுருங்கிய கிளைகள் எம்மருந்துமின்றி மீண்டும் வளர்ந்தன. ஆகவே, வருந்துவார்க்குக் கீரையை மட்டும் ஆய்ந்து கொடுத்துவிட்டு அமைவது போதாது. கடனால் நொந்த உறவினர்க்குத் தவணை நீட்டுவதும், தேர்வுக்கு அஞ்சும் பிள்ளையிடம் மதிப்பெண் கேளாதிருப்பதும், தனித்திருக்கும் முதியோரிடம் சென்று அமர்ந்து பேசுவதும், துயர் மிகுந்தாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் ஔஷத தானமேயாம். நம் இல்லத்தில் யாரை நாம் அடைத்து வைத்திருக்கிறோம் என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போமாக.