கருவியும் கையும்

பழம்பொருள் சேகரிப்பு இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. நாணயம், முத்திரை, ஓவியம், பீங்கான் எனச் சேகரிக்கப்படும் பொருள்கள் பல. அவற்றைச் சேகரிப்போரைக் கண்டு எவரும் வியப்பதில்லை. ஆனால், உழைப்பாளியின் கையிலே தேய்ந்து, எண்ணெய்க் கறையும் கீறலும் ஏறி, ஈற்றிலே பழைய இரும்புக் கடைக்குச் செல்லவேண்டிய ஓர் இயந்திரத்தைத் தேடிப் பிடித்து, துடைத்து, தட்டிலே அடுக்கிவைத்து மகிழ்வோரும் உளர் என்றால், நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது. ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கு மாநிலங்களிலும், கனடாவிலும், ஜேர்மனி, சுவீடன் முதலிய நாடுகளிலும் மரம் அரியும் பழைய சங்கிலி வாள்களைச் சேகரிப்பதும் கைமாற்றுவதும் பலருக்கு விருப்பமான பொழுதுபோக்காக உள்ளன.

எங்கோ தூரதேசத்தாரின் விநோதம் இது என்று வாசகர் தள்ளிவிடக்கூடும். இலங்கையிலே சங்கிலி வாள் சேகரிப்புப் பொருளன்று. அதனை வைத்திருப்போர் பதிவு செய்தாக வேண்டும் என 2019ஆம் ஆண்டில் அரசு பணித்தது. ஒரு நாட்டிலே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் அதே கருவி, இன்னொரு நாட்டிலே அரசாங்கப் பதிவேட்டில் இருக்கிறது. ஒரு கருவியின் பொருள் அதன் இரும்பில் இல்லை, அதனைச் சூழ்ந்த மனித உறவுகளிலேயே இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆகவே நாம் எழுப்ப விரும்பும் வினா எல்லா நாட்டுக்கும் பொதுவானதே: உழைப்பின் கருவியை உழைப்பினின்றும் பிரித்தெடுத்து, அதனை அழகுப் பொருளாக நேசிப்பது அறமாகுமா?

முதலில் இச்சேகரிப்பாளர் செய்வது யாதென நேர்மையாகக் காண்போம். ஒருவரது செயலை அறியாமல் அவர்மீது தீர்ப்புக் கூறுவது முற்போக்காளர்க்கு அழகன்று. பண்ணைக் கொட்டகை ஒன்றிலோ, இறந்துபோன மரவெட்டி ஒருவரின் வீட்டுப் பொருள்களை விற்குமிடத்திலோ ஒரு வாள் கிடைக்கிறது. அதன் எஞ்சின் இறுகிப்போயிருக்கும்; எரிபொருட் குழாய் உக்கியிருக்கும்; காபுரேற்றரின் மெல்லிய சவ்வு காய்ந்து விறைத்திருக்கும். சேகரிப்பாளர் பல மாலைப் பொழுதுகளைச் செலவிட்டு அதனைக் கழற்றுகிறார், கழுவுகிறார், பொறி பிறக்கும் தொடுமுனைகளைத் தீட்டுகிறார், மீண்டும் பூட்டுகிறார். பெற்றோலுடன் எண்ணெய் கலந்து ஊற்றிக் கயிற்றை இழுக்கிறார். பல்லாண்டுகள் மௌனமாயிருந்த இயந்திரம் புகை கக்கி உறுமுகிறது. அந்தக் கணத்தின் மகிழ்ச்சியைப் பொய்யென்று நாம் கூறமாட்டோம்.

இவ்வாள்களை உற்பத்தி செய்த கொம்பனிகள் பல இன்றில்லை. உதிரிப்பாகம் கடையிலே கிடையாது. ஆகவே ஒருவர் தம்மிடம் மேலதிகமாயுள்ள சிலிண்டரைக் கொடுத்து இன்னொருவரிடமிருந்து எண்ணெய்த் தாங்கியின் மூடியைப் பெறுகிறார். உடைந்த இரு வாள்களைக் கொண்டு ஒன்றை உயிர்ப்பிக்கின்றனர். இப்பண்டமாற்றிலே பல வேளைகளில் இலாபத்தினும் தோழமையே மிகுந்திருக்கிறது. ஆனால் ஒரு வகை அரியதென்று பெயர் பெற்றவுடன் நிலைமை மாறுகிறது. கீறலற்ற மூடிக்கு ஒரு விலை, பாவிக்கப்படாத பெட்டிக்கு ஒரு விலை என்று பேரம் எழுகிறது. அப்பொழுது மரத்தையே தொட்டிராத வாள், மரம் அரிந்த வாளினும் உயர்ந்ததாகிவிடுகிறது. உழைக்காதது உழைத்ததைவிட மதிப்புப் பெறும் இத்தலைகீழ் நியாயத்தை நாம் வேறிடங்களிலும் கண்டிருக்கிறோம்.

இக்கருவியின் வரலாறு மனித உழைப்பின் வரலாற்றில் ஓர் அத்தியாயமாகும். சங்கிலியிற் பல் பதித்து அறுக்கும் எண்ணம் காட்டிலே பிறந்ததன்று. 1830ஆம் ஆண்டளவில் ஜேர்மனியரான பேர்ன்ஹாட் ஹைனே எலும்பை அறுப்பதற்காகக் கையாற் சுழற்றும் சங்கிலிக் கருவியொன்றை அமைத்தார். காட்டிலே அக்காலத்திலும் அதன் பின்னரும் நெடுங்காலம் இருவர் இழுக்கும் நீண்ட கைவாளே பயன்பட்டது. அமெரிக்க வடமேற்கின் மரவெட்டிகள் அதற்குத் 'துன்பச் சாட்டை' என்று பெயரிட்டிருந்தனர். பெயரிலேயே அவர்களது வாழ்க்கை தெரிகிறது.

1927இல் எமில் லேர்ப் என்பவர் ஜேர்மனியின் தூரிங்கியாவிலுள்ள டொல்மார் மலையிலே பெற்றோலில் இயங்கும் வாளொன்றைப் பரிசோதித்தார். அதன் நிறை 58 கிலோகிராம். 1929இல் அந்திரேயாஸ் ஸ்ரீல் வெளியிட்ட வாளின் நிறை 46 கிலோகிராம். இவற்றைத் தூக்குவதற்கு இருவர் வேண்டும். 1946இல் ஒறிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் கொக்ஸ் என்ற மரத்தொழிலாளி, மரத்தைக் குடைந்து செல்லும் புழுவொன்றின் தாடைகள் இடமும் வலமுமாக வெட்டுவதை ஊன்றிக் கவனித்தார். அவ்வடிவிலே சங்கிலிப் பல்லை அமைத்தார். இன்றைய சங்கிலிகள் அவ்வமைப்பின் வழி வந்தவையே. 1949இல் மக்கலக் கொம்பனி ஒருவரே தூக்கக்கூடிய 25 இறாத்தல் வாளை வெளியிட்டது. 1959இல் வந்த ஸ்ரீலின் 'கொன்ட்ரா' 12 கிலோகிராமுள் 6 குதிரைவலு கொண்டதாயிருந்தது. முப்பது ஆண்டுகளுள் இருவரின் சுமை ஒருவரின் சுமையாகியது.

இதனை வளர்ச்சியென்றே கூறவேண்டும். துன்பச் சாட்டையை இழுத்த முதுகுகளுக்கு இது மெய்யான விடுதலை. ஆயினும் விடுதலை பெற்ற இருவரில் ஒருவர் என்னவானார் என்ற கேள்வியும் எழுகிறது. எஞ்சிய ஒருவருக்கு வேலை குறைந்ததா? வெட்டிய மரத்தின் அளவுக்கே கூலி என்றிருந்த இடங்களில், கருவி விரைந்தது. அதனோடு மனிதனும் விரைய வேண்டியவனானான்.

அவனுடைய கையைப் பார்ப்போம். இறுகிய பிடியினூடாக எஞ்சினின் அதிர்வு விரல்களுக்குச் சென்றது. ஆண்டுகள் சில கழிய, குளிர்ந்த காலையில் விரல்கள் குருதியோட்டமிழந்து வெளுத்தன, உணர்விழந்தன, சட்டைப் பொத்தானைப் பூட்டுவதும் அரிதாயிற்று. அதிர்வினால் விளையும் இந்நோய் முன்னரே அறியப்படாததன்று. 1918இல் அலிஸ் ஹமில்ற்றன் என்ற அமெரிக்க மருத்துவர், இந்தியானாவில் காற்றழுத்தச் சுத்தியலால் கல் செதுக்கியோரிடையே இதனைக் கண்டு எழுதியிருந்தார். அறிவு இருந்தது; ஆனால் அது வாளின் பிடியை வந்தடையப் பல பத்தாண்டுகள் சென்றன. யப்பானின் அரச காடுகளில் 1960களில் இந்நோய் பெருகியது. மக்கள் அதனை 'வெண்மெழுகு நோய்' என்றனர். தொழிற்சங்கம் போராடியது, நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவர் வாளை இயக்கலாகாது என்ற வரம்பு பின்னர் பிறந்தது. பிரித்தானியாவில் 1985இலேயே இது இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்கப்பட்டது.

அறுபதுகளின் நடுப்பகுதி முதல் பிடிக்கும் எஞ்சினுக்கும் இடையே அதிர்வைத் தாங்கும் றப்பர் வைக்கப்படலாயிற்று. பின்லாந்தின் சுவொமுஸ்ஸல்மி பகுதியிலே காட்டுத் தொழிலாளரை 1972 முதல் 1990 வரை மருத்துவர்கள் தொடர்ந்து ஆராய்ந்தனர். தொடக்கத்தில் நூற்றுக்கு 40 பேருக்கு விரல் வெளுத்தது. முடிவில் நூற்றுக்கு 5 பேருக்கே. இயற்கையின் விதியென்று எண்ணப்பட்ட துன்பம், மனிதன் மனம்வைத்தால் நீக்கக்கூடிய துன்பமாகவே இருந்திருக்கிறது.

சேகரிப்பாளர் பலர் தேடி அலைவது றப்பர் வைக்கப்படுவதற்கு முந்திய வாள்களையே என்பதை இவ்விடத்தில் மனங்கொள்ள வேண்டும். வலிமையும் முரசொலி போன்ற முழக்கமும் உடையவை என்று அவற்றைப் புகழ்வர். விடுமுறை நாளில் ஒரு மரத்துண்டை அறுத்துப் பார்ப்பவருக்கு அந்த அதிர்வு ஐந்து நிமிடம்; அன்று காட்டில் நின்றவனுக்கு அது ஆயுள் முழுவதும். இருவரும் பிடித்தது ஒரே பிடியைத்தான்.

1930களில் வால்ற்றர் பென்யமின் சேகரிப்பாளன் பற்றிச் சிந்தித்தார். பொருள்களை 'பயன்பட்டே ஆகவேண்டும்' என்ற அடிமைத்தனத்திலிருந்து அவன் விடுவிக்கிறான் என்பது அவரது கருத்து. ஆழமான கருத்துத்தான். சந்தையில் விலையாகவும் தொழிற்சாலையில் கருவியாகவும் மட்டுமே இருந்த பொருளை, அதன் தனித்தன்மைக்காகவே ஒருவன் நோக்குகிறான். ஆனால் பொருள் விடுதலை பெற்றமையால் மனிதன் விடுதலை பெற்றுவிட்டானா? இல்லை என்பதைப் பென்யமினும் அறிந்திருந்தார். 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்பாகத்திலே கார்ல் மார்க்ஸ் காட்டியதும் இதனோடு தொடர்புடையதே. பண்டம் சந்தைக்கு வந்ததும், அதிலடங்கிய மனித உறவு மறைந்து, பொருள்களுக்கிடையே உள்ள உறவாகத் தோற்றம் கொள்கிறது. பளபளக்கும் புதுவர்ணம் பூசிய பழைய வாளிலே இம்மறைப்பு இருமுறை நிகழ்கிறது. அதனைச் செய்தவனின் உழைப்பு முதலில் மறைந்தது. அதனைக் கொண்டு உழைத்தவனின் கை இப்பொழுது மறைகிறது.

இதனைக் கேட்டு நம்மவரிற் சிலர், 'இது வேலையற்ற செல்வரின் விநோதம்' என்று முடிவுகட்ட விரைவர். அம்முடிவு சரியன்று. இப்பொழுதுபோக்கில் ஈடுபட்டோருள் முன்னாள் மரவெட்டிகளும் அவர்தம் பிள்ளைகளும் இருக்கின்றனர். தந்தையின் வாளை மகன் செப்பனிடுவது செல்வத்தின் விநோதமாகாது. அது நினைவின் கடன். உடைந்ததை எறிந்து புதியதை வாங்கு என்று சந்தை ஓதும் காலத்தில், திருத்தலாம், பொறுத்திருக்கலாம், ஒருவர் மற்றவர்க்குக் கற்றுக்கொடுக்கலாம் என்று காட்டுவது சிறு செயலன்று. தொழிலாளியின் கைத்திறனை மதிக்கும் எவரும் இதனை இகழார்.

காட்டை அழித்த கருவியைப் போற்றலாமா என்று இன்னொரு சாரார் கேட்பர். பிறேசிலின் ஏக்கர் மாநிலத்திலே 1970களின் நடுப்பகுதி முதல் றப்பர் பால் எடுக்கும் தொழிலாளர் காடழிப்பைத் தடுத்து நின்றனர். அவர்தம் தலைவர்களுள் ஒருவரான சிக்கோ மென்டிஸ் 1988 டிசம்பர் 22ஆம் திகதி ஷப்பூரியிலுள்ள தமது வீட்டிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போராட்ட முறை நம் கவனத்துக்குரியது. ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் கூட்டமாகச் சென்று வாள்களின் முன் நின்றனர். வாளைப் பிடித்து நின்றவனும் கூலிக்கு வந்த ஏழையே என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆகவே அவனோடு பேசினர், வாளைக் கீழே வைக்குமாறு கேட்டனர். அவர்களது பகை வாளோடன்று, வாளுக்குக் கூலி கொடுத்து அனுப்பிய பண்ணை முதலாளியோடுதான். 1990இல் மென்டிஸின் பெயரால் ஒதுக்கப்பட்ட காடு இன்றும் அவர்களது நியாயத்துக்குச் சான்றாக நிற்கிறது. குற்றம் கருவிக்கு உரியதன்று. ஆனால் கருவி செய்ததை மறந்துவிடும் உரிமையும் எவருக்கும் இல்லை.

நினைவை வைத்திருப்பதற்கும் மேற்றோலை வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க, இத்துறைக்கே உரிய ஓர் உதாரணம் உண்டு. சங்கிலி வாளால் பெருஞ்செல்வரான ரொபேர்ட் மக்கலக் 1968இல் லண்டன் பாலத்தையே 24,60,000 டொலருக்கு வாங்கினார். 1831இல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் முகப்புக் கற்கள் இலக்கமிடப்பட்டு அரிசோனாப் பாலைநிலத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கே கொங்கிறீற்றால் புதுப்பாலம் கட்டி, அதன்மேல் அக்கற்களைப் போர்த்தினர். 1971இல் விழா எடுத்தனர். பாரத்தைத் தாங்குவது கொங்கிறீற்று. பழமையாகக் காட்சி தருவது கல். சுமையிலிருந்து விடுபட்ட அந்தக் கல்லைப் பார்ப்பவர், அது ஒரு காலத்தில் எதைச் சுமந்ததென அறியமாட்டார்.

ஆகவே நமது தீர்ப்பு இதுவே. பழைய வாளைச் சேகரிப்பது குற்றமன்று. அதனைக் கைமாற்றுவதும் குற்றமன்று. பிடியில் தேய்ந்த இடத்தையும், மூடியில் ஒருவன் கத்தியால் கீறிய தன் பெயரின் முதலெழுத்தையும் வர்ணம் பூசி அழித்து, அந்த வெறுமைக்குக் கூடுதல் விலை கேட்பதே குற்றம். வாளின் ஆண்டையும் இலக்கத்தையும் எழுதிவைக்கும் சேகரிப்பாளர், அதனை இயக்கியவர் யார், எந்தக் காட்டிலே, எத்தனை ஆண்டுகள், என்ன கூலிக்கு, அவருடைய விரல்கள் ஈற்றில் என்னவாயின என்பதையும் கேட்டு எழுதட்டும். அவர்களுட் பலர் இன்னும் உயிரோடிருக்கின்றனர். கேட்பதற்கு ஒருவர் வந்தால் சொல்லுவர். அவ்வாறு எழுதப்பட்ட நாளில், அத்தட்டுகள் ஒரு தனிமனிதனின் உடைமையாக மட்டும் இரா; ஒரு வர்க்கத்தின் வரலாற்று ஏடுகளாகும்.

நமது பாடசாலைகளின் ஆசிரியரும் மாணவரும் தத்தம் ஊரிலே தேய்ந்து கிடக்கும் கருவிகளை இக்கண்கொண்டு நோக்குவார்களாக. பழைய கருவி ஒன்று கையிற் கிடைக்கும்போது, அதன் விலை என்ன என்று கேட்பதற்கு முன்பு, இதைப் பிடித்த கை யாருடையது என்று கேட்போம்.